நாற்காலி யாருக்கு? கடைத் தொழிலாளர்களும் தேர்தலும்

2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. தமிழ்நாடு முழுவதும் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்த நாள். அன்று காலை சென்னை தியாகராய நகரில், துணிக்கடைப் பெண்கள் தங்கியிருக்கும் ஒரு விடுதிக்குப் போயிருந்தோம். கடைக்கு விடுமுறை. மாடியில் துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் தூங்கினார்கள். யார் விரலிலும் மை இல்லை.

"ஓட்டுப் போடலையா?" என்று கேட்டோம்.

"ஓட்டு ஊர்ல இருக்குக்கா. நேத்து ராத்திரி கடை மூடவே பத்து மணி ஆச்சு. நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு ஃப்ளோர்ல நிக்கணும். நடுவுல தென்காசிக்கு எப்படிப் போயிட்டு வர்றது?"

சம்பளம் பிடிக்கமாட்டார்கள் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம். அதில் அவர்களுக்கு நிம்மதி. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தரவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு சொல்கிறது. 1996இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. தினக்கூலிக்கும் பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. அந்த விடுதியில் சட்டம் மீறப்படவில்லை. ஆனாலும் அங்கிருந்த யாரும் வாக்களிக்கவில்லை.

இந்தக் காட்சியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறோம். தேர்தல் வந்தால் கூலி உயருமா, ஆட்சி மாறினால் கடையில் நிற்பவர்களின் கால்வலி தீருமா என்று மாணவத் தோழர்கள் எங்களிடம் கேட்கிறார்கள். "எல்லாக் கட்சியும் ஒன்றுதான்" என்று சொல்லிவிடுவது எளிது. "நம் கட்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பதும் எளிது. கடைத் தொழிலாளர் சட்டங்களின் வரலாறு இந்த இரண்டையும் மறுக்கிறது.

பலருக்கு ஓட்டில்லாத காலம்

கடைத் தொழிலாளர்களுக்கென்று இந்தியாவில் முதலில் சட்டம் இயற்றியது பம்பாய் மாகாணம், 1939இல். 1937 தேர்தலில் வென்ற காங்கிரஸ் அமைச்சரவை கொண்டுவந்த சட்டம் அது. அந்தத் தேர்தலில் எல்லோருக்கும் ஓட்டில்லை. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதிகள் உள்ளவர்களுக்கே வாக்குரிமை. கூலிக்கு நின்ற பெரும்பாலோருக்கும், சேரியில் வாழ்ந்த பெரும்பாலோருக்கும் அது கிடையாது. தொழிலாளர்களுக்கென்று சில தனித் தொகுதிகள் இருந்தன. பம்பாயில் 7, சென்னையில் 6. சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 215 இடங்களில் ஆறு என்றால் எவ்வளவு சிறிய கதவு என்று பாருங்கள்.

அந்தச் சிறிய கதவு வழியாகவும் சிலர் உள்ளே போனார்கள். அம்பேத்கர் 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். சாதிப் பெயரில் கட்சி நடத்தாமல் தொழிலாளர் என்ற பெயரில் அவர் நடத்திய கட்சி அது. 1937இல் பம்பாய் மாகாணத்தில் போட்டியிட்ட 17 இடங்களில் பெரும்பாலானவற்றை வென்றது. அடுத்த ஆண்டே அந்தக் கட்சிக்குச் சோதனை வந்தது. காங்கிரஸ் அமைச்சரவை தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. வேலைநிறுத்தத்தைப் பல சூழல்களில் குற்றமாக்கிய மசோதா அது. ஒருவனுடைய விருப்பமில்லாமல் அவனிடம் வேலை வாங்குவது அடிமைத்தனம் என்றும், வேலைநிறுத்த உரிமை சுதந்திர உரிமையின் மறுபெயர் என்றும் பொருள்பட அம்பேத்கர் சட்டமன்றத்தில் வாதாடினார். 1938 நவம்பர் 7 அன்று பொதுவுடைமையாளர்களோடு சேர்ந்து பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். மசோதா நிறைவேறியது. சட்டமன்றத்தில் அவர்களிடம் எண்ணிக்கை இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். வேலைநிறுத்த உரிமையை 1938இல் வெட்டியதும், கடைத் தொழிலாளர்களுக்கு 1939இல் வேலைநேர வரம்பு தந்ததும் ஒரே அமைச்சரவைதான். ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுப்பது நம் காலத்தில் வந்த பழக்கம் அல்ல.

சென்னை மாகாணத்துக்குக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது, 1946 தேர்தலில் வென்ற ஆட்சியில். இன்றும் நம் கடைகளை ஆள்வது அந்தச் சட்டம்தான். அதைப் படித்துப் பார்த்த தோழர்கள் முதலில் வியப்பார்கள். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி. ஓராண்டு வேலை செய்தவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக் கூடாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 41ஆவது பிரிவு.

எல்லோருக்கும் ஓட்டு இல்லாத காலத்துச் சட்டம் இவ்வளவு தருகிறது. எல்லோருக்கும் ஓட்டு வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நாங்கள் சந்தித்த பெண்கள் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். 41ஆவது பிரிவு என்று ஒன்று இருப்பதே அந்த விடுதியில் ஒருவருக்கும் தெரியாது.

குறைந்தபட்சக் கூலியின் கதையும் இதே காலத்தைச் சேர்ந்தது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அம்பேத்கர். தேர்தலில் வென்று பெற்ற பதவி அல்ல, நியமனப் பதவி. குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் அவர் அறிமுகம் செய்தார். அவருக்குப் பின் அந்தத் துறைக்கு வந்த ஜெகஜீவன் ராம் காலத்தில், 1948இல் அது சட்டமானது. இருவருமே தீண்டாமையை அனுபவித்தவர்கள், அரசியலில் எதிரெதிர் பாதையில் நின்றவர்கள். 1946 மாகாணத் தேர்தல்களில் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு பெரும் தோல்வி கண்டது. தொடங்கியவரின் கட்சி தேர்தலில் தோற்றது. அவர் தொடங்கிய சட்டம் நிலைத்தது. தேர்தல் வெற்றி மட்டுமே உரிமைக்கு வழி என்று நினைக்கும் தோழர்கள் இதை மறக்கக் கூடாது.

கடைக்குள் நுழைவது

கடை என்ற சொல் நமக்கு வெறும் வணிகச் சொல் அல்ல. காசைத் தூரத்தில் வைத்துவிட்டு, பொருளைத் தூக்கிப் போடச் சொல்லி வாங்கிய தலைமுறை நம் பாட்டிமார்களுடையது. அதனால்தான் அரசமைப்பின் 15(2) பிரிவு, சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாத இடங்களைப் பட்டியலிடும்போது கடைகளை முதலில் சொல்கிறது. அரசமைப்பு அவையில் அதன் மீது விவாதம் வந்தபோது, கடை என்ற சொல்லை மிகப் பரந்த பொருளில் பயன்படுத்தியிருப்பதாக அம்பேத்கர் விளக்கினார். தேடி வருகிறவர்களுக்குச் சேவை தர ஒருவர் தயாராக இருக்கும் எந்த இடமும் கடைதான் என்றார். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் கடைக்குள் விட மறுப்பதையும், பொருள் விற்க மறுப்பதையும் குற்றமாக்கியது.

வாங்குகிறவராக உள்ளே நுழையும் உரிமைக்கு இவ்வளவு போராட்டம். விற்கிறவராக, கூலி வாங்குகிறவராக நுழைந்தவர்களின் கதை வேறு. எங்கள் களப்பணியில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: கல்லாவில் முதலாளியின் உறவினர், கவுன்டரில் "பார்க்க நல்லா இருக்கிற" பெண்கள், குடோனிலும் மூட்டை தூக்குவதிலும் கழிப்பறைக் கழுவுவதிலும் நம் பிள்ளைகள். வேலைக்கு எடுக்கும்போது "எந்த ஊர்?" என்று கேட்டு, அடுத்ததாக "எந்தத் தெரு?" என்று கேட்கிறார்கள். இரண்டாவது கேள்வியின் பொருள் நம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் பிள்ளைகள் ஊரைவிட்டு வருகிறார்கள். ஊரில் பண்ணையாரின் வயலில் குனிவதைவிடக் கடையில் நிற்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. அதை நாம் குறைத்துப் பேச முடியாது. சாதியின் கண்காணிப்பிலிருந்து தப்பிக்கிற வழியும் அதுதான். ரங்கநாதன் தெருக் கடைத் தொழிலாளர்களின் வாழ்க்கையை 2010இல் வந்த 'அங்காடித் தெரு' திரைப்படம் ஊருக்கெல்லாம் காட்டியது. படத்தைப் பார்த்துக் கலங்கியவர்கள் உண்டு. சட்டம் மாற மேலும் பதினோரு ஆண்டுகள் ஆயின.

உட்காரும் உரிமை

மாற்றம் கேரளத்தில் தொடங்கியது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்தவர் விஜி. அங்கிருந்த கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழித்தார்கள். உட்கார்ந்தால் சம்பளம் பிடிப்பார்கள். 2009இல் விஜியும் தோழிகளும் 'பெண்கூட்டு' அமைப்பைத் தொடங்கினார்கள். முதலில் கழிப்பறைக் கேட்டார்கள், பிறகு நாற்காலி கேட்டார்கள். 2014 டிசம்பரில் திருச்சூரில் ஒரு பெரிய துணிக்கடையின் பெண்கள் சிலர் தொடங்கிய போராட்டம் நூறு நாட்களைத் தாண்டியது. அதற்கு உட்காரும் போராட்டம் என்றே பெயர் வந்தது. 2016இல் ஆட்சி மாறியது. 2018இல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். போராட்டம் 2009இல், தேர்தல் 2016இல், சட்டம் 2018இல். கேட்டுக்கொண்டே இருந்த கோரிக்கை ஒன்று தயாராக இருந்ததால்தான் புதிய ஆட்சி அதைக் கையில் எடுக்க முடிந்தது.

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் ஆட்சி மாறியது. செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத் திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் அறிமுகம் செய்தார். அது நிறைவேறி, 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. எல்லாத் தொழிலாளர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்கவேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார அவர்களுக்கு வழி இருக்கவேண்டும் என்கிறது அது. அந்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில் நாங்கள் கேட்ட எந்த முழக்கத்திலும் நாற்காலி இல்லை. பக்கத்து மாநிலத்துப் பெண்களின் போராட்டமும், இங்கே சங்கங்கள் கொடுத்த மனுக்களும், புதிய ஆட்சியின் தொடக்க வேகமும் ஒன்று சேர்ந்த நேரம் அது.

சட்டம் வந்தபின் கடைகளில் முக்காலிகள் வந்தன. ஒரு கடையில் ஒரு தளத்துக்கு இரண்டு முக்காலிகள். "உக்காந்தா கேமராவுல பாத்துட்டு இன்டர்காம்ல கூப்பிடுறாங்க" என்றார் ஒரு பெண். முக்காலி இருக்கிறது. உட்கார்ந்தால் கேள்வி வருகிறது. சட்டமன்றம் நாற்காலியைத்தான் தரமுடிந்தது. அதில் பயமில்லாமல் உட்கார, கேள்வி வரும்போது பக்கத்தில் நிற்க ஒரு சங்கம் வேண்டும்.

கூட்டணிக் கணக்கு செய்த வேலை

அதே ஆண்டுகளில் எதிர்த்திசையிலும் முடிவுகள் வந்தன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் அதிமுக அரசு மூன்றாண்டுகளுக்கு அனுமதி தந்தது. இரவு வேலைக்குப் பெண்களின் எழுத்துமூலச் சம்மதம், பாதுகாப்பு, வார விடுமுறை, வங்கிக் கணக்கில் சம்பளம் என்று அதில் நிபந்தனைகள் உண்டு. 2022இல் திமுக அரசு அந்த அனுமதியை மேலும் மூன்றாண்டுகள் நீட்டித்தது. ஆட்சி மாறியது, அனுமதி மாறவில்லை. விடுதியில் தங்கி, கடையை நம்பிச் சாப்பிடும் ஒரு பெண் "சம்மதமில்லை" என்று எழுதிக் கொடுக்க முடியுமா என்று இரண்டு அரசுகளும் கேட்கவில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாடு திருத்தம் நிறைவேறியது. 12 மணி நேர வேலை நாளுக்கு வழிவிடும் திருத்தம். அது தொழிற்சாலைக்குத்தான், கடைக்கு அல்ல. ஆனால் 8 மணி நேரம் என்ற வரம்பு ஓரிடத்தில் உடைந்தால் அடுத்த இடத்திலும் உடையும். விடுதலைச் சிறுத்தைகளும் இடதுசாரிக் கட்சிகளும் காங்கிரசும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. எல்லாம் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகள். தொழிற்சங்கங்கள் போராட்டத்துக்குத் தயாராயின. ஏப்ரல் 24 அன்று அரசு சட்டத்தை நிறுத்திவைத்தது. மே நாளில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

பத்து நாளில் ஒரு சட்டம் பின்வாங்கியது. ஓராண்டில் மக்களவைத் தேர்தல், கூட்டணி இல்லாமல் அதைச் சந்திக்க முடியாது. எங்கள் பார்வையில், சங்கங்கள் வெளியே தந்த அழுத்தமும் கூட்டணிக் கட்சிகள் உள்ளே தந்த அழுத்தமும் சேர்ந்துதான் அதைச் சாதித்தன. 1938இல் அம்பேத்கரின் கட்சியிடம் வீதியில் பலம் இருந்தது, சட்டமன்றத்தில் எண்ணிக்கை இல்லை. 2023இல் இரண்டும் ஓரளவு இருந்தன. வேறுபாடு அவ்வளவுதான்.

ஒன்றிய அரசில் அந்த அழுத்தம் எடுபடவில்லை. 2019 மே மாதம் பெரும்பான்மையோடு திரும்பி வந்த ஆட்சி, ஆகஸ்டுக்குள் ஊதியச் சட்டத்தொகுப்பை நிறைவேற்றியது. மற்ற மூன்று தொகுப்புகளையும் 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தபோது நிறைவேற்றியது. நான்கும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. 1946இல் அம்பேத்கர் அறிமுகம் செய்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் இடத்தில் இப்போது ஊதியத் தொகுப்பு இருக்கிறது. அதில் நல்லதும் உண்டு: பழைய சட்டம் அட்டவணையில் உள்ள தொழில்களுக்கு மட்டுமே, புதியது எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி என்கிறது. ஆனால் ஆய்வாளரின் பெயர் ஆய்வாளரும் வழிகாட்டுநரும் என்று மாறியிருக்கிறது. முதல் மீறலுக்கு வழக்குப் போடும் முன் முதலாளிக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்புத் தரவேண்டும். மூன்று மாதத்தில் வேலையைவிட்டுத் துரத்தப்படும் பெண்ணுக்கு, அந்த வாய்ப்பு முடியும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.

அரசே முதலாளியானால்

கூலியும் தேர்தலும் நேராகச் சந்திக்கும் ஒரு கடையும் நம் மாநிலத்தில் உண்டு. 2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து டாஸ்மாக் கடைகளின் மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் எல்லோரும் அரசு நிறுவனத்தின் தொகுப்பூதியத் தொழிலாளர்கள். மதுக்கடை வேண்டாம் என்பது வேறு விவாதம், அதில் எங்களுக்கும் கருத்து உண்டு. இங்கே பேசுவது அங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி.

2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. 23,629 டாஸ்மாக் தொழிலாளர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் உயர்வு. அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு ஓராண்டு இருந்தது. கொடுத்த உயர்வை நாம் குறை சொல்லவில்லை. தேர்தல் நெருங்கும்போது கிடைத்தாலும் அது அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகிற பணம். ஆனால் அவர்களின் முதல் கோரிக்கை பணி நிரந்தரம். இரண்டாண்டுக்குள் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம் 1981 முதல் இருக்கிறது. அந்த அறிவிப்பில் நிரந்தரம் இல்லை. அறிவிப்பாக வரும் உயர்வுக்கு ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லவேண்டியிருக்கிறது. நிரந்தரம் கிடைத்துவிட்டால் அடுத்த உயர்வை உரிமையாகக் கேட்கலாம். அதனால்தானோ என்னவோ முதலாவது எளிதாக வருகிறது, இரண்டாவது வருவதில்லை.

தனியார் கடைக்கும் இதில் பாடம் உண்டு. குறைந்தபட்சக் கூலியை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் திருத்தவேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுச் சட்டம். புதிய தொகுப்பும் அதையே சொல்கிறது. ஒரு சட்டமன்றத்தின் ஆயுளும் ஐந்தாண்டுதான். அந்தத் திருத்தத்துக்கு ஆலோசனை சொல்லும் குழுவில் முதலாளிகளும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இருக்கவேண்டும். ஆட்களை நியமிப்பது அரசு. ஆக, யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது அந்தக் குழுவில் யார் உட்காருகிறார் என்பதுவரை போகிறது. கடைத் தொழிலாளர் சார்பில் அங்கே பேசுவது யார்? துணிக்கடை ஃப்ளோரில் நின்ற ஒரு பெண் எப்போதாவது அங்கே உட்கார்ந்திருக்கிறாரா? அடுத்த முறை வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது கேட்கவேண்டிய கேள்வி இது.

ஓட்டு எங்கே இருக்கவேண்டும்?

மீண்டும் அந்த விடுதிக்கு வருவோம். அன்று நாங்கள் ஒரு யோசனை சொன்னோம். ஆறு மாதமாக, ஒரு வருடமாக இங்கேதான் இருக்கிறீர்கள். வழக்கமாக வசிக்கும் இடத்தில்தான் வாக்காளராகப் பதியவேண்டும் என்கிறது சட்டம். படிவம் 8 கொடுத்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். இந்தத் தெருக்களில் வேலை செய்யும் எல்லோருக்கும் இங்கே ஓட்டு இருந்தால், வேட்பாளர் முதலாளியின் அறைக்குப் போவதற்கு முன்பு விடுதிப் படியேறி உங்களிடம் வருவார் என்றோம். பேசும்போது எங்களுக்கே உற்சாகமாக இருந்தது.

ஒரு பெண் மட்டும் தலையாட்டவில்லை. "ஊர்ல எங்க சித்தி வார்டு மெம்பருக்கு நிக்கிறாங்கக்கா. எங்க தெருவுல மொத்த ஓட்டே கொஞ்சம்தான். நானும் எங்க அண்ணனும் இங்க மாத்திட்டா அவங்களுக்கு யாரு போடுறது?"

எங்களிடம் உடனே பதில் இல்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதற்காக 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே தேர்தலை நடக்கவிடவில்லை. 2006இல்தான் முறையாக நடந்தது. சேரியின் ஒவ்வொரு ஓட்டும் அப்படிப் பெறப்பட்டது. சட்டமன்றத்துக்கும் ஊராட்சிக்கும் அடிப்படை ஒரே வாக்காளர் பட்டியல்தான். இங்கே மாற்றினால் அங்கே போய்விடும். அங்கேயே வைத்திருந்தால் இங்கே அவளுடைய சம்பளத்தைப் பற்றிக் கவலைப்பட எந்த வேட்பாளருக்கும் காரணம் இல்லை. இரண்டிலும் இல்லாமல் போகும் ஆபத்தும் உண்டு. 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், வீட்டில் ஆள் இல்லை, இடம்பெயர்ந்துவிட்டார் என்ற காரணங்களே நம் கடைப் பிள்ளைகளுக்குப் பெரிய அச்சுறுத்தலாக இருந்தன.

எனவே இப்போது நாங்கள் எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்வதில்லை. ஊரில் உள்ளாட்சித் தேர்தலில் உன் ஓட்டு எடை கூடியதா, இங்கே உன் வேலை நிலைக்குமா, எத்தனை ஆண்டு இருப்பாய் என்று கேட்டு, முடிவை அவர்களிடமே விடுகிறோம். எது எப்படியிருந்தாலும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் உடனே பார்க்கச் சொல்கிறோம்.

ஊரில் ஓட்டு வைத்திருக்கிறவர்களுக்காக நாம் சேர்ந்து கேட்கவேண்டியது ஒன்று உண்டு. வாக்குப்பதிவு நாள் விடுமுறை, பயணத்துக்கும் சேர்த்துத் தரப்படவேண்டும். சென்னையிலிருந்து தென்காசிக்குப் போய் ஓட்டுப்போட்டுத் திரும்புகிறவருக்கு ஒரு நாள் போதாது. அந்த உரிமையை மறுப்பதற்கான விலை 500 ரூபாயாக இருக்கக் கூடாது. எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் இதைச் சேர்க்கச் சொல்லி மாணவர் அமைப்புகள் கேட்கலாம். அறிக்கைக் குழுக்கள் மனு வாங்கும் காலம் தேர்தலுக்கு முன் சில வாரங்கள்தான், தயாராக இருங்கள்.

அதற்கு முன்பே செய்யக்கூடியதும் உண்டு. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஐந்து கடைகளுக்குப் போங்கள். பொருள் வாங்கும்போதே பாருங்கள்: முக்காலி இருக்கிறதா, யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா? வேலை முடிந்து வெளியே வரும் பெண்களிடம் பேசுங்கள். முதல் நாளே மனு எழுதாதீர்கள், அவர்கள் வேலை போய்விடும். எட்டு மணி நேரம், வார விடுமுறை, 41ஆவது பிரிவு, 22-ஏ பிரிவு, இந்த நான்கையும் ஒரு சிறு தாளில் தமிழில் எழுதிக் கொடுங்கள். பயம் தெளிந்தபின் அவர்களே தொழிலாளர் உதவி ஆய்வாளரைப் பற்றிக் கேட்பார்கள். அப்போது உடன் போங்கள்.

சித்திக்காக ஓட்டை ஊரிலேயே வைத்துக்கொண்ட அந்தப் பெண் இப்போதும் அதே கடையில்தான் நிற்கிறார். போன மாதம் அந்தச் சிறு தாளைப் பத்துப் படி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டார். எதற்கு என்று கேட்டோம்.

"எங்க ஃப்ளோர்ல பத்துப் பேரு இருக்கோம்க்கா" என்றார்.

ஜெய்பீம்.